1040 பிழை: இணைப்பு எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள்

வணக்கம். நிலாவெளி விருந்தினர் விடுதியின் முன்பதிவுத் தளம் சீசன் மாலைகளில் 1040 பிழை (இணைப்புகள் அளவுக்கு மீறிவிட்டன) காட்டி விழுகிறது, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இணைப்பு வரம்பை 500 ஆக்கியும் பயனில்லை என்கிறீர்கள். நீங்கள் போட்டிருக்கும் கோடில் பிடிஓவின் (பிஎச்பி மொழி தரவுத்தளத்தோடு பேசும் வழி) பெர்சிஸ்டென்ட், அதாவது இணைப்பை மூடாமல் வைக்கும் தெரிவு ஆனில் இருக்கிறது. எனக்கு அதன்மேல்தான் சந்தேகம்.

சாதாரண இணைப்பைப் பக்கம் முடிந்ததும் பிஎச்பியே மூடிவிடும். பெர்சிஸ்டென்ட் அப்படியல்ல. ஒவ்வொரு எஃப்பிஎம் வேர்க்கரும் (சர்வரில் பிஎச்பி பக்கங்களை ஓட்டும் செயல்முறை) தன் இணைப்பை விடாமல் வைத்திருக்கும். சும்மா கிடக்கும் இணைப்பை மைஎஸ்கியூஎல் தானாக வெட்ட இயல்பாக 28,800 செக்கன், அதாவது எட்டு மணி நேரம். ஓட்டுநர் இல்லாமல் ஸ்டாண்டை அடைத்து நிற்கும் ஓட்டோ மாதிரி! உப்புவெளிக் கடையொன்றின் தளத்தில் நானும் இதே வேலை பார்த்து ஓர் இரவு தூக்கம் இழந்தவன்.

பிழை வரும் நேரத்தில் மைஎஸ்கியூஎல்லில் 'ஷோ ப்ராசஸ்லிஸ்ட்' கட்டளையை ஓட்டி, திறந்திருக்கும் இணைப்புகளின் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் 'ஸ்லீப்' (சும்மா கிடப்பது) என்றிருந்தால் காரணம் இதுதான். அந்தத் தெரிவை எடுத்துவிட்டு எஃப்பிஎம்மை மீள்தொடக்குங்கள். வரம்பையும் இயல்பான 151க்கே இறக்கி, வேர்க்கர் எண்ணிக்கையை அதற்குக் கீழே வையுங்கள்.

அப்புறம், அறை விலை எடுக்கும் ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் புது பிடிஓ உருவாக்குகிறது. ஒரே இணைப்பை அதற்குள் அனுப்புங்கள். மாற்றியும் விழுந்தால் அந்தப் பட்டியலை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.