கேள்வி – பதில்: லாஸ் வேகஸில் கூடும் பழைய விடுதித் தோழர்கள்

கேள்வி: நாங்கள் ஆறு பேர் திருச்சியில் ஒரே கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர்கள். மூவர் இப்போது அமெரிக்காவில் இருக்கிறார்கள். நான் மகளைப் பார்க்கக் கலிபோர்னியா செல்லும்போது எல்லோரும் லாஸ் வேகஸில் மூன்று நாள் கூடுவதாக ஏற்பாடு. விடுதியில் விடிய விடிய ரம்மி ஆடிய கூட்டம் என்பதால், அங்கே வீடியோ போக்கர் ஆடலாம், அது வெறும் அதிர்ஷ்டம் அல்ல, கணக்குத் தெரிந்தால் நட்டமே வராது என்கிறார் ஒரு நண்பர். உண்மையா? என் மனைவிக்கு இந்தப் பயணமே பிடிக்கவில்லை.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. வீடியோ போக்கர் 1970களின் இறுதியில், லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் பரவத் தொடங்கிய இயந்திரம். பணத்தைச் செலுத்திப் பொத்தானை அழுத்தினால் திரையில் ஐந்து சீட்டுகள் விழும். வேண்டியவற்றை நிறுத்திக்கொண்டு மற்றவற்றை ஒரே ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். கடைசியில் கையில் நிற்கும் ஐந்து சீட்டுகளின் தரத்துக்கு ஏற்பப் பணம் வரும். எதிரில் ஆடுபவர் எவரும் இல்லை. ஆகவே ரம்மியில் நீங்கள் பழகிய, எதிராளி எந்தச் சீட்டை எடுக்கிறான், எதைக் கழிக்கிறான் என்று கவனிக்கும் திறமைக்கு இங்கே வேலை இல்லை.

பக்கத்தில் இருக்கும், படங்கள் சுழன்று நிற்கும் ஸ்லாட் இயந்திரத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஸ்லாட் இயந்திரத்தில் எந்தப் படம் எத்தனை முறைக்கு ஒரு முறை விழும் என்பது ஆடுபவருக்குத் தெரியாது. சீட்டுகளைத் திரையில் காட்டும் இயந்திரமோ, உண்மையான 52 சீட்டுக் கட்டில் எந்த நிகழ்தகவு இருக்குமோ அதையே தர வேண்டும் என்பது நெவாடா மாநில விதி. கட்டில் உள்ள சீட்டுகள் தெரியும், எந்தக் கைக்கு, அதாவது எந்த ஐந்து சீட்டுச் சேர்க்கைக்கு, எவ்வளவு என்ற பட்டியலும் திரையிலேயே இருக்கும்; இரண்டையும் வைத்து இயந்திரம் பணத்தைத் திருப்பித் தரும் விகிதத்தை எவரும் கணக்கிட்டுவிடலாம். கேசினோ எனப்படும் அந்தச் சூதாட்டக் கூடத்தில் தன் விலையைத் தன் முகத்திலேயே எழுதி வைத்திருக்கும் இயந்திரம் இது ஒன்றுதான் என்பது என் எண்ணம். அதைப் படிக்காமல் உட்காருபவர்களே பெரும்பாலோர் என்பது வேறு விஷயம்.

எப்படிப் படிப்பது? ஜாக் ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால் பணம் தரும் 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' என்ற அடிப்படை ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் ஃபுல் ஹவுஸ் (ஒரே மதிப்பில் மூன்றும், வேறொரு மதிப்பில் ஒரு ஜோடியும்), ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே பூ) ஆகிய இரண்டு வரிகளில், ஒரு நாணயத்துக்கான கட்டத்தை மட்டும் பாருங்கள். அங்கே 9, 6 என்று இருந்தால், பிழையில்லாமல் ஆடுபவருக்கு அந்த இயந்திரம் நீண்ட கால அளவில் 99.54 சதவீதத்தைத் திருப்பித் தரும். 8, 5 என்று இருந்தால் அது 97.3 சதவீதம். 6, 5 என்றால் ஏறத்தாழ 95 சதவீதம்தான். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒரே வரிசையில்கூட நிற்கும். பொதுவாக, ஸ்ட்ரிப் எனப்படும் பிரதான சாலையின் ஆடம்பர விடுதிகளைவிட, உள்ளூர்வாசிகள் செல்லும் ஒதுக்குப்புறக் கூடங்களில் நல்ல பட்டியல்கள் கிடைக்கின்றன.

சதவீதத்தை டாலராக மாற்றினால்தான் அதன் கனம் புரியும். 25 சென்ட் இயந்திரத்தில் ஐந்து நாணயம் வைத்து ஆடினால் ஒரு கைக்கு 1.25 டாலர். பழகியவர்கள் மணிக்கு 600 கைகள் வரை ஆடுவார்கள்; அதாவது மணிக்கு 750 டாலர் இயந்திரத்தின் வழியாகச் சுழல்கிறது. முதல் வகை இயந்திரத்தில் அதற்கான சராசரி இழப்பு மூன்றரை டாலர். இரண்டாவதில் 20 டாலர். மூன்றாவதில் 37 டாலருக்கு மேல். இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 99.54 என்ற எண்ணில் ஏறத்தாழ இரண்டு சதவீதம், ஒரே பூவில் பத்து முதல் ஏஸ் வரை விழும் ராயல் ஃப்ளஷ் என்ற ஒற்றைக் கையிலிருந்து வருவது. அது சுமார் 40,000 கைகளுக்கு ஒரு முறை விழக்கூடியது. மணிக்கு 600 கைகள் வீதம் இடைவிடாமல் ஆடினாலும் 66 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று நாள் பயணத்தில் அது உங்களுக்கு விழாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். அது விழாத வரை, மிக நல்ல இயந்திரத்திலும் சராசரி இழப்பு மணிக்கு 18 டாலர் அளவில் இருக்கும். கணக்குத் தெரிந்தால் நட்டம் வராது என்ற உங்கள் நண்பரின் பேச்சு இந்த இடத்தில்தான் அடிபட்டுப் போகிறது. கணக்கு நட்டத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

ஆடும் முறையில் ரம்மிக்காரர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். ஆட்டின் (ஹார்ட்ஸ்) பூவில் கிங், குயின், ஜாக், பத்து ஆகிய நான்கும், கூடவே இஸ்பேட் கிங்கும் விழுந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கிங் ஜோடி கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டால் போட்ட பணம் நிச்சயமாகத் திரும்பி வரும். சேர்ந்த ஜோடியைக் கலைக்க மனம் ஒப்பாது. ஆனாலும் இஸ்பேட் கிங்கைக் கழித்துவிட்டு ஆட்டின் நான்கையும் நிறுத்துவதே சரி, ஏனெனில் அந்த நான்கின் சராசரி மதிப்பு ஜோடியின் மதிப்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அதே ஜோடியில் ஒன்றையும் சேர்த்து ஒரே பூவில் நான்கு சாதாரணச் சீட்டுகள் மட்டும் இருந்தால் ஜோடியை விடக் கூடாது. ஜாக்குக்குக் கீழான சிறு ஜோடி என்றால் மறுபடியும் ஒரே பூவின் நான்கு சீட்டுகளே மேல். இப்படி ஒவ்வொரு நிலைக்கும் வரிசை வகுத்த சிறு அட்டைகள் அங்குள்ள பரிசுப் பொருள் கடைகளிலேயே விற்கின்றன. பொதுவாகக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஆடுவதற்கும் தடையில்லை. எப்போதும் ஐந்து நாணயம் வையுங்கள். ஒன்று முதல் நான்கு வரை வைத்தால் ராயல் ஃப்ளஷுக்கு நாணயம் ஒன்றுக்கு 250தான். ஐந்தாவதை வைத்தால் அது 800 ஆகிறது.

உங்கள் மனைவிக்குப் பிடிக்காதது பயணமா, சூதாட்டமா, எவ்வளவு போகும் என்று தெரியாத நிலையா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவதுதான் காரணம் என்றால் தீர்வு எளிது. மூன்று நாளுக்கும் சேர்த்து ஒரு தொகையை முடிவு செய்து, அவரிடம் சொல்லி, அதைச் செலவாகிவிட்ட பணமாக எழுதிவிட்டு, ரொக்கமாக மட்டும் எடுத்துச் செல்லுங்கள். வங்கி அட்டை அறையின் பெட்டகத்திலேயே இருக்கட்டும். கூடத்துக்குள் இருக்கும் ஏடிஎம்கள் வாங்கும் கட்டணம் வெளியே உள்ளதைவிட மிக அதிகம்.

கேள்வி: பள்ளித் தோழிகள் நான்கு பேர் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு சென்ற முறை லாஸ் வேகஸில் சந்தித்தோம். ஆளுக்கொரு இயந்திரத்தின் முன் உட்கார்ந்ததில் பேசவே நேரமில்லாமல் போயிற்று. மீண்டும் போகிறோம். நான்கு பேரும் பணம் சேர்த்து ஒரே இயந்திரத்தில் ஆடினால் என்ன?
– வாசகி, டல்லாஸ்

பதில்: நல்ல யோசனை. ஸ்லாட்டைவிட வீடியோ போக்கர் இதற்குப் பொருத்தம், ஏனெனில் ஒவ்வொரு கையிலும் எதை நிறுத்துவது என்று விவாதிக்க இடமிருக்கிறது. நால்வரும் கூடிப் பேசி ஆடினால் மணிக்கு 600 கை நிச்சயம் ஓடாது. 150 ஓடினாலே பெரிது. கைகள் குறையக் குறைய இழப்பும் அதே அளவில் குறையும், பேச்சும் நடக்கும். பெரும்பாலான கூடங்களில் மதுக்கூடத்தின் மேசைப் பலகையிலேயே இந்த இயந்திரங்கள் பதிக்கப்பட்டிருக்கும். உட்கார வசதி அங்கேதான் அதிகம். ஆனால் பட்டியல் மோசமாக இருக்கும் இடமும் பெரும்பாலும் அதுவே என்பதால், பார்த்துவிட்டு உட்காருங்கள்.

ஆனால் பொத்தானை யார் அழுத்துவது என்பதை விளையாட்டாக விட்டுவிடாதீர்கள். 2017இல் ஃபுளோரிடாவில் நடந்தது இது. ஒருவர் தன் பணத்தை ஸ்லாட் இயந்திரத்தில் செலுத்திவிட்டு, ராசிக்காக உடன் வந்த தோழியைப் பொத்தானை அழுத்தச் சொன்னார். ஒரு லட்சம் டாலர் விழுந்தது. பணம் போட்டவர் யாராக இருந்தாலும் அழுத்தியவரே வென்றவர் என்று கூடம் அந்தத் தொகையைத் தோழிக்குக் கொடுத்தது. அவர் அதைப் பகிர்ந்துகொள்ளவில்லை. அந்த நட்பு அந்த இரவோடு முடிந்தது. கூடங்களின் பொதுவான நடைமுறை இதுதான் என்பதால், பங்கு எவ்வளவு, யார் அழுத்துவார், எந்தத் தொகை தீர்ந்தால் எழுந்துவிடுவோம் ஆகிய மூன்றையும் உட்காரும் முன்பே நால்வரும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுங்கள். தோழிகளுக்குள் எழுத்து எதற்கு என்று ஒருவர் சிரிப்பார், சிரிக்கட்டும். பெரிய தொகை விழுந்து வரிப் படிவம் நிரப்பும் நிலை வந்தால், வென்றது ஒரு குழு என்று தெரிவிப்பதற்கு 5754 என்ற தனிப் படிவம் உண்டு. அதைக் கேட்டு வாங்கி நால்வர் பெயரையும் எழுதினால், மொத்த வரியும் ஒருவர் தலையில் விழாது.

பகல் பொழுதைக் கூடத்துக்குள் கழிக்க வேண்டாம். ரெட் ராக் கேன்யன் நகரிலிருந்து அரை மணி நேரப் பயணம். ஹூவர் அணைக்கு முக்கால் மணி நேரம். நான்கு பேர் காரில் போகும் அந்த நேரத்தில் பேசுவதுதான் உண்மையான சந்திப்பு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை வெயில் 40 பாகையைத் தாண்டும். அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: சுற்றுலா விசாவில் செல்லும் இந்தியர் அங்கே வென்றால் வரி எவ்வளவு?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அமெரிக்காவில் வரி நோக்கில் குடியிருப்பவராகக் கருதப்படாத அயல்நாட்டவர் ஸ்லாட், வீடியோ போக்கர் இயந்திரங்களில் வெல்லும் பெரிய தொகையில் 30 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். சில நாடுகளுக்கு ஒப்பந்த விலக்கு உண்டு, இந்தியாவுக்கு இல்லை. பிளாக்ஜாக், ரூலெட், பக்கரா, கிராப்ஸ் ஆகிய மேசை ஆட்டங்களுக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. இயந்திரத்தில் ஒரே கையில் வென்றதைப் படிவமிட்டுத் தெரிவிக்க வேண்டிய எல்லை நெடுங்காலம் 1,200 டாலராக இருந்து, 2026 முதல் 2,000 டாலராக உயர்ந்திருக்கிறது. 25 சென்ட் இயந்திரத்தில் ஐந்து நாணயத்துக்கு விழும் ராயல் ஃப்ளஷ் 1,000 டாலர்தான், ஆகவே அது இந்த எல்லையைத் தொடாது. ஒரு டாலர் இயந்திரத்தில் அதே கை 4,000 டாலர், ஊழியர் பாஸ்போர்ட்டைக் கேட்டு வந்துவிடுவார். இந்தியாவில் குடியிருப்பவர் வெளிநாட்டு வருமானத்தையும் இங்கே கணக்கில் காட்ட வேண்டும் என்பதால், அவர்கள் தரும் பிடித்தச் சான்றைப் பத்திரப்படுத்தி உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள்.

கேள்வி: சென்ற சந்திப்பில் நண்பர் ஒருவர், "ஒரு மணி நேரத்தில் தருகிறேன்" என்று 600 டாலர் வாங்கினார். இன்றுவரை தரவில்லை. இந்த முறையும் வருகிறார். கேட்பதா, விடுவதா?
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: கேளுங்கள், ஆனால் கூடத்தில் வைத்து அல்ல, பயணத்துக்கு முன்பே, தனியாக, தொலைபேசியில். மற்றவர்கள் முன்னிலையில் கேட்டால் அது வசூலாகிவிடும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால், "ஜெயித்துத் தருகிறேன்" என்ற பதிலுக்கு நீங்களே வழி செய்ததாகும். அவர் தர இயலாத நிலையில் இருந்தால் அதைச் சொல்ல அவருக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும். நண்பர்கள் எல்லோருடைய வருமானமும் ஒன்றுபோல் இல்லை என்பதை மறந்து ஸ்ட்ரிப்பின் நடுவில் விடுதி பிடிப்பதும், அறை வாடகைக்கு மேல் நாள்தோறும் ஏறும் ரிசார்ட் கட்டணத்தைச் சொல்லாமல் விடுவதும்கூட இப்படிப்பட்ட கடன்களுக்குக் காரணமாகின்றன. இந்த முறை செலவு விவரத்தை முதலில் அனுப்பிவிட்டு, கூடத்துக்குள் எவரும் எவருக்கும் கடன் தருவதில்லை என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் சூதாட்டப் பழக்கத்தில் சிக்கி, மிகவும் முயன்று மீண்டவர். "நான் வருகிறேன், ஆடமாட்டேன், உங்களோடு இருந்தால் போதும்" என்கிறார். அழைத்துப் போகலாமா?
– வாசகர், சியாட்டில்

பதில்: லாஸ் வேகஸுக்கு வேண்டாம். அவருடைய உறுதியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த ஊரில் கூடத்துக்குள் போகாமல் இருந்தால் போதும் என்று நினைக்க முடியாது. விமானத்தை விட்டு இறங்கியவுடன் நிலையத்திலேயே இயந்திரங்கள் இருக்கும். மளிகைக் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் இருக்கும். பல பெரிய விடுதிகளில் அறைக்குப் போகும் வழியே கூடத்தின் ஊடாகத்தான். மூன்று நாளும் அவர் தன்னோடு போராடிக்கொண்டிருக்க, மற்றவர்கள் அவரைக் கண்காணித்துக்கொண்டிருப்பது சந்திப்பு ஆகாது. அவரை விட்டுவிட்டுப் போவதும் சரியல்ல. வருகிறேன் என்று சொல்பவருக்குத் தேவைப்படுவது உங்கள் கூட்டம்தான்.

ஆகவே ஊரை மாற்றுங்கள். பக்கத்து மாநிலமான யூட்டாவில் லாட்டரி உட்பட எல்லா வகைச் சூதாட்டத்துக்கும் தடை. அங்குள்ள சயான் தேசியப் பூங்காவின் வாயிலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கலாம். இரவில் ரம்மி ஆடவும் வேண்டாம். லாஸ் வேகஸில் இறங்கிக் காரில் போனால் இரண்டரை மணி நேரம்தான் என்று எவராவது சொல்வார். சால்ட் லேக் சிட்டியில் இறங்கி ஐந்து மணி நேரம் காரில் போவதே உங்கள் நண்பருக்கு நல்லது.