பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, கட்டடக்கலையை ஆங்கிலத்தில் படிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவர் வியாசர்பாடிக்காரர். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து முடித்து, பி.ஆர்க். சேரப் போகிறாராம். பாடம் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே, கல்லூரி திறப்பதற்குள் ஒரு கட்டடவியல் கலைச்சொல் அகராதியை மனப்பாடம் செய்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம். நானும் தண்டையார்பேட்டையில் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பி.ஆர்க். முடித்து, இப்போது பாரிமுனைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் வரைபடம் பாதி, சைட் பாதி என்று ஓடிக்கொண்டிருக்கும் ஆள்தான். நான் பார்த்த வரையில் நம்மைப் போன்றவர்களை மடக்குவது பெரிய கலைச்சொற்கள் இல்லை. அவற்றுக்கு நடுவே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் சாதாரண ஆங்கிலம்தான்.

கலைச்சொல் உங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். நம் பக்கம் தெருவுக்கு ஒரு கொத்தனார், ஒரு சென்டரிங்காரர், ஒரு கம்பி கட்டுபவர் இருப்பார்கள். என் அப்பா சென்டரிங் வேலைதான். பீம், ஃபுட்டிங், லிண்டல், சன்ஷேடு, கியூரிங், கவர் பிளாக் எல்லாம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. அந்தச் சொற்கள் இங்கிலீஷ் என்பதே பிறகுதான் உறைத்தது. சில இடங்களில் மட்டும் சைட் பேச்சும் புத்தகமும் விலகும். சைட்டில் பேஸ்மென்ட் போட்டாச்சு என்றால் தரைமட்டத்துக்கு மேலே பிளிந்த் வரை, அதாவது வீட்டுத் தரையின் உயரம் வரை கட்டியாகிவிட்டது என்று பொருள்; புத்தகத்தில் பேஸ்மென்ட் என்றால் தரைக்குக் கீழே இருக்கும் தளம். மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம் சைட்டில் எல்லாமே ரிங். புத்தகத்தில் பீமில் இருந்தால் ஸ்டிரப், தூணில் இருந்தால் லேட்டரல் டை. மணலை யூனிட் கணக்கில் பேசுவார்கள், அது 100 கன அடி; பாடத்தில் கன மீட்டர், அதாவது சுமார் 2.83. இப்படி விலகும் சொற்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். ரொம்ப வராது.

அப்புறம், இனி சொல்லப்போவதுதான் முக்கியம்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் கட்டடம் எந்த மாதிரிச் சூழலில் நிற்கிறது என்பதை ஐந்து வகையாகப் பிரித்து ஒரு அட்டவணை இருக்கிறது. கடலோரம் பற்றி இரண்டு வரி வருகிறது. உப்புக்காற்றில் இருந்து 'ஷெல்டர்டு' ஆக, அதாவது மறைவாக இருக்கும் கான்கிரீட் மாடரேட் வகை. கடற்கரைச் சூழலுக்கு 'எக்ஸ்போஸ்டு' ஆக, அதாவது நேராக வெளிப்பட்டு இருக்கும் கான்கிரீட் சிவியர் வகை. முதலாவதற்குக் கம்பியின் மேல் 30 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்), குறைந்தது எம் 25 கிரேடு கான்கிரீட். இரண்டாவதற்கு 45 மி.மீ., எம் 30. காசிமேட்டில் கடலைப் பார்த்த வீட்டின் பால்கனிக்கும், அதே வீட்டுக்குள் இருக்கும் அறையின் பீமுக்கும் உள்ள வித்தியாசம் இது. கடலோரத் தெருக்களில் சன்ஷேடுக்கு அடியில் பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிவதை நீங்களே எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். 15 மி.மீ. கான்கிரீட்டையும் ஒரு கிரேடையும் முடிவு செய்கிற அந்த இரண்டு சொல்லும் எந்தக் கட்டடக் கலைச்சொல் பட்டியலிலும் இருக்காது. ஏனென்றால் அவை கலைச்சொற்களே இல்லை.

அதே நெறியில் ஒரு வாக்கியத்தில் ஷல் என்று வந்தால் கட்டாயம். ஷுட் என்றால் பரிந்துரை. மே என்றால் அனுமதி. பள்ளியில் இந்த மூன்றையும் இலக்கணப் பாடத்தில் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். இங்கே அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் கான்ட்ராக்டரிடம் சண்டை போடவும் முடியும், விட்டுக்கொடுக்கவும் முடியும்.

இன்னொரு தொல்லை, 'விச்எவர் இஸ் ஸ்மாலர்' மாதிரியான வால்கள். தளத்தில் மெயின் கம்பிகளுக்கு இடையே இருக்கும் தூரம், பயனுறு ஆழத்தைப் (அழுத்தம் விழும் முகத்தில் இருந்து கம்பியின் நடு வரை உள்ள ஆழம்) போல மூன்று மடங்கு அல்லது 300 மி.மீ., இரண்டில் எது சிறியதோ அதைத் தாண்டக் கூடாது. வாலைப் படிக்காமல் 300 என்று எடுத்துக்கொள்பவர் உண்டு. வழக்கமான தளத்தில் பெரிய வித்தியாசம் வராது. மெல்லிய சன்ஷேடுக்கு வந்து பாருங்கள். பயனுறு ஆழம் 50 மி.மீ. என்றால் மூன்று மடங்கு 150 தான். 300 இடைவெளியில் கட்டினால் இருக்க வேண்டிய கம்பியில் பாதிதான் இருக்கும். தமிழில் 'எது குறைவோ அது' என்பதை எங்கே வைத்தாலும் காதில் விழுந்துவிடும். ஆங்கிலத்தில் அது கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும். களைத்த கண் அதற்கு முன்பே நின்றுவிடும். ஆகவே விதியைப் படிக்கும்போது முற்றுப்புள்ளி வரை போய்விட்டு, கடைசியில் இருந்து திரும்பி ஒருமுறை படிக்கும் பழக்கம் நல்லது. கேட்க அசட்டுத்தனமாக இருக்கும், வேலை செய்யும்.

வீட்டில் இருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். கியூரிங் ஏழு நாள் என்பது அப்பாவுக்கு வேதம். நெறியிலும் ஏழு நாள் உண்டு, ஆனால் அது சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு. கலப்பு சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் என்று அதே வாக்கியம் தொடர்கிறது. இன்று கடையில் வாங்கும் மூட்டைகளில் பெரும்பாலும் பி.பி.சி., அதாவது கலப்பு சிமென்ட். நான் வாசித்துக் காட்டியபோது, "சர்தான், இன்னும் மூணு நாளு தண்ணி ஊத்திட்டா போச்சு" என்றார். அவ்வளவுதான், வாதமே இல்லை.

வரைபடத்தில் வரும் சொற்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன்: கிளியர். கிளியர் ஸ்பான், கிளியர் வித் (அகலம்) இரண்டிலும் ஒரு முகத்தில் இருந்து எதிர் முகம் வரை நடுவே இருக்கும் வெற்றிடம் என்று அர்த்தம். சென்டர் டு சென்டர் அப்படி இல்லை. ஒன்றின் நடுவில் இருந்து அடுத்ததன் நடு வரை. 230 மி.மீ. சுவர் இருக்கும் அறையில் இந்த இரண்டையும் குழப்பினால் அறை அகலமே 230 மி.மீ. மாறிவிடும். நம் பக்கத்துச் சின்ன மனைகளில் அது பெரிய இடம்.

எழுதுவதற்கு வருவோம். கட்டுமானப் பாடத்தில் பாதிக் கேள்வி, எப்படிக் கட்டுவார்கள் என்று விவரிக்கச் சொல்வதுதான். ஜார்ஜ் டவுனில் பழைய வீடுகளின் மேல் மெட்ராஸ் டெரஸ் இன்னும் இருக்கிறது. சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பாவி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் நிமிர்த்திக் குறுக்காக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இப்போது நான் எழுதியது ஒரே வாக்கியம். தமிழில் பாவி, அடுக்கி, கொட்டி என்று நீட்டிக்கொண்டே போகலாம், யார் செய்தார்கள் என்று சொல்ல வேண்டியதும் இல்லை. இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டு போனால் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். வெட்டுங்கள். வேலைக்கு ஒரு வாக்கியம். ஒவ்வொன்றிலும் செங்கல் முதலில், அப்புறம் ஆர் லெய்டு. சுண்ணாம்பு முதலில், அப்புறம் இஸ் ஸ்பிரெட். பொருள் முன்னே, செயப்பாட்டு வினை பின்னே. லே, போர், காஸ்ட், கியூர், ஃபிக்ஸ், ஸ்டிரிப், லெவல், பிளாஸ்டர் என்று ஒரு கைப்பிடி வினைச்சொற்களுக்கு இந்த உருவம் தெரிந்தால் கட்டுமானத் தாள் எழுதிவிடலாம். நிஜமாகவே அவ்வளவுதான். அந்த இஸ், ஆர் விட்டுப்போனால் செங்கல் தானாகவே எதையோ அடுக்கியது போல வாக்கியம் நிற்கும்.

பேசுவதுதான் எல்லோருக்கும் பயம். பி.ஆர்க்.கில் ஜூரி என்று ஒன்று உண்டு. உங்கள் ஷீட்டுகளைச் சுவரில் மாட்டி, எதிரே நான்கைந்து பேர் உட்கார, ஏன் இப்படி வடிவமைத்தேன் என்று நீங்கள் விளக்க வேண்டும். உச்சரிப்பு, இலக்கணம் எல்லாம் அங்கே யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. தமிழ் வழி மாணவர்கள் தடுமாறுவது வேறோர் இடத்தில். நாம் காரணத்தை முதலில் சொல்லி முடிவைக் கடைசியில் சொல்லிப் பழகியவர்கள். 'சாயங்காலம் மேற்கு வெயில் சுவரில் அடிக்கும், படுக்கையறை சூடாகிவிடும், அதனால் படிக்கட்டையும் கழிப்பறையையும் மேற்கே தள்ளினேன்.' தமிழில் இது அழகான வாக்கியம். இதே வரிசையில் ஆங்கிலத்தில் தொடங்கினால், வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் குறுக்கிடுவார்: சரி, நீ என்ன செய்தாய்? அத்தோடு கோர்வை போய்விடும். தலைகீழாக்குங்கள். படிக்கட்டு மேற்கே இருக்கிறது. பிகாஸ். காரணம். சமையலறை ஜன்னல் கிழக்கே. ஸோ தட். மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வரும். இப்படிப் பேசுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு வரி என்று முந்தைய இரவே தமிழில் எழுதி, வரிசையை மாற்றி, அதன் பிறகு மொழியை மாற்றினால் பேச்சு தானாக நடக்கும். எங்கள் வகுப்பில் சரளமாக ஆங்கிலம் பேசியவர்கள்கூட இந்த வரிசை இல்லாமல் வளவளவென்று பேசி மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

வரலாற்றுத் தாளுக்கு நீங்கள் இருக்கும் ஊரே போதும், இது வடசென்னைக்காரர்களுக்குக் கிடைத்த சலுகை. 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. பாரிமுனைக்கு வந்தால் 1892-இல் கட்டி முடித்த உயர் நீதிமன்றம். இந்தோ சாரசெனிக் பாணி என்று புத்தகம் சொல்வது என்னவென்று அங்கே நிமிர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். எதிர்ப்பக்கத்தில் 1940-இன் டேர் ஹவுஸ், ஆர்ட் டெகோ பாணிக் கட்டடம். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் ஆதிபுரீஸ்வரர் சந்நிதியின் பின்புறம் போய் நில்லுங்கள். விமானம் பின்னால் வளைந்திருக்கும். நம் ஊரில் தூங்கானை மாடம், பாடத்தில் ஆப்சிடல். ராஜேந்திர சோழன் காலத்துக் கருங்கல் வேலை. கட்டிய தச்சனின் பெயர் ரவி, வீரசோழத் தச்சன் என்ற பட்டம் பெற்றவர் என்று கல்வெட்டிலேயே இருக்கிறது. அத்தனை நூற்றாண்டுக்கு முன்பு ஒரு கட்டடக் கலைஞரின் பெயர் நமக்குக் கிடைப்பது அபூர்வம். தேர்வில் இதை உதாரணமாக எழுதினால் திருத்துபவர் கொஞ்சம் நின்று படிப்பார். கட்டடத்தின் முன் நின்று, கண்ணில் படுவதைக் கீழிருந்து மேலாக ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். மேலே, கீழே, ஒட்டி, உள்வாங்கி, நீட்டிக்கொண்டு என்று இடத்தைக் குறிக்கும் சொற்கள் எவ்வளவு தேவைப்படுகின்றன என்று அப்போதுதான் தெரியும்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகலாமா என்று கேட்டால், ஹோட்டலில் ஆர்டர் செய்யவும் நேர்காணலுக்கும் உதவும். இந்தப் படிப்புக்கு உதவாது. அந்தப் பணத்தில் நல்ல பென்சிலும் டிரேசிங் ஷீட்டும் வாங்கலாம். ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டெல். பாடங்கள் இலவசம், பலவற்றுக்கு எழுத்து வடிவமும் உண்டு; கேட்டுக்கொண்டே படிக்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இலேயே சிவிலைத் தமிழ் வழியில் தொடங்கியது, அதைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் டெண்டரும் வரைபடமும் தர நெறியும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. எந்த வழியில் படித்தாலும் ஒருநாள் இவற்றோடு உட்கார்ந்தே ஆக வேண்டும்.

ஐ.எஸ். 456-ஐ இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். முழுவதும் வேண்டாம். நீடித்துழைப்பு பற்றிய 8-ஆம் பிரிவு, சென்டரிங் பற்றிய 11, கியூரிங் வரும் 13, கம்பி வைப்பது பற்றிய 26 போதும். முதல் செமஸ்டரில் பெரும்பாலும் வரைவதும் மாடல் செய்வதும்தான், எழுத்து வேலை குறைவு. 11-இல் தொடங்குங்கள், எளிதாக இருக்கும். தூணின் பலகையை எப்போது பிரிக்கலாம், தளத்தைத் தாங்கும் முட்டுக்கட்டைகளை எப்போது எடுக்கலாம் என்று வரும். உங்கள் தெரு சென்டரிங்காரரிடம் கேட்டுச் சரிபார்த்தும் கொள்ளலாம்.