டார்க் மோடில் தொலையும் டேப்கள்: கேள்வி பதில்

கேள்வி: பிரவுசரை டார்க் மோடுக்கு, அதாவது இருண்ட பின்னணிக்கு மாற்றியதிலிருந்து எந்த டேப்பில் இருக்கிறேன் என்றே தெரிவதில்லை. கண்ணில் கோளாறா?

பதில்: இல்லை, வடிவமைப்பில்தான் கோளாறு. மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வகுக்கப்பட்ட இணைய அணுகல் விதிகளின் (WCAG) 2.1ஆம் பதிப்பு (2018) எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கிறது. பொத்தான் போன்றவற்றை அடையாளம் காட்டும் பகுதிகளுக்கு 3:1. அந்த விதிகள் இணையப் பக்கங்களுக்காக எழுதப்பட்டவை என்றாலும் பிரவுசரையும் அதே கோலால் அளக்கலாம்.

திரையில் ஒரு நிறத்தை சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களால் (0 முதல் 255 வரை) குறிப்பார்கள். டேப் பட்டையின் நிறம் 28, 28, 28 என்றும், திறந்திருக்கும் டேப் 60, 60, 60 என்றும் வையுங்கள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1.5:1தான் வரும். 3:1 வேண்டுமானால் அந்த டேப் 103, 103, 103 வரை வெளுக்க வேண்டும். அப்படி வெளுத்தால் இருட்டின் அழகு போய்விடும் என்று வடிவமைப்பாளர்கள் தயங்குகிறார்கள். தீர்வு எளிது. டேப்பின் மேல் விளிம்பில் பளிச்சென்று ஒரு கோடு போதும். கோடு மட்டும் 3:1ஐத் தாண்டினால், டேப் எவ்வளவு கறுப்பாகவும் இருக்கலாம். சாம்பலின் சாயலை மட்டும் நம்பி நிலையைக் காட்டக் கூடாது.

கேள்வி: பயர்பாக்ஸில் டேப்களுக்கு நடுவே இருந்த கோடுகள் எங்கே?

பதில்: 2021 ஜூனில் வந்த 89ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். யூசர்குரோம் (userChrome.css) என்ற, பயர்பாக்ஸின் தோற்றத்தை மாற்றும் ஸ்டைல் கோப்பில் நீங்களே எழுதிச் சேர்க்கலாம். 2019இல் வந்த 69ஆம் பதிப்பிலிருந்து அந்த வசதி இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மேம்பட்ட அமைப்புகளில் முதலில் அதை இயக்க வேண்டும். நீளமான கோப்பை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டாதீர்கள். பயர்பாக்ஸ் தன் பாகங்களுக்கு வைத்திருக்கும் உள்பெயர்கள் மாறும்போது அது உடைந்துவிடும். இரண்டு மூன்று வரி போதும்.

கேள்வி: குரோமில்?

பதில்: பட்டைக்கும் டேப்புக்கும் தெளிவான வேறுபாடு காட்டும் தீம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பக்கங்களை இருட்டாக்கும் நீட்சிகளை (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) நாடாதீர்கள். அவை டேப் பட்டையைத் தொடுவதில்லை; ஆனால் எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கின்றன. வங்கித் தளமும் அதில் அடக்கம்.

கேள்வி: முழுக் கறுப்பில் முழு வெள்ளை எழுத்து 21:1. அதைவிடத் தெளிவு ஏது? அடர் சாம்பல் பின்னணி வெறும் நாகரிகம்.

பதில்: எண் பெரிதானால் வாசிப்பு எளிதாகும் என்பதில்லை. திரை இருண்டால் கண்மணி விரிகிறது; விரிந்த கண்மணி பார்வைப் பிழைகளைப் பெரிதாக்குகிறது. ஆஸ்டிக்மேடிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறை) உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்தின் ஓரம் கசிந்து பரவுவது இதனால்தான். சற்று மங்கிய எழுத்தும் அடர் சாம்பலும் அந்தக் கசிவைக் குறைக்கின்றன. 21 என்பது உச்ச அளவு, இலக்கு அல்ல.

கேள்வி: பேட்டரியை மறந்துவிட்டீர்கள். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் கறுப்புப் புள்ளி அணைந்தே கிடக்கும்!

பதில்: அணைந்து கிடக்கும், உண்மை. ஆனால் பர்டூ பல்கலைக்கழகம் 2021இல் ஓஎல்இடி போன்களில் அளந்து பார்த்தது. 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் டார்க் மோட் மிச்சப்படுத்தியது சராசரியாக 3 முதல் 9 சதவீத மின்சாரம்தான். முழு வெளிச்சத்தில்தான் 39 முதல் 47 சதவீதம். எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரிகிறது. இந்தச் சில சதவீதத்துக்காக ஒருவரின் வாசிப்பைக் கெடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: எந்த டேப் திறந்திருக்கிறது என்று தெரியவில்லை. என்ன செய்வது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நல்ல டார்க் மோட் நீட்சி ஒன்று சொல்லுங்களேன்?

பதில்: சொல்ல மாட்டேன். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: அறுபது டேப் திறந்து வைப்பவன் நான். கோடு போட்டாலும் தலைப்பு தெரியாதே?

பதில்: பக்கவாட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் செங்குத்து டேப்களுக்கு மாறுங்கள். பயர்பாக்ஸில் 2025 மார்ச்சில் வந்த 136ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. எட்ஜில் அதற்கு முன்பே உண்டு. குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டேப்களைப் பெயரால் தேடலாம்.

கேள்வி: அப்பாவுக்குப் பார்வை மிகவும் குறைந்துவிட்டது. இந்தத் தீம்கள் எதுவும் அவருக்கு உதவவில்லை.

பதில்: பிரவுசரை விட்டுவிடுங்கள். விண்டோஸ் 11 அமைப்புகளில் அணுகல் பகுதிக்குள் கான்ட்ராஸ்ட் தீம்கள் இருக்கின்றன. அவற்றை இயக்கினால் பயர்பாக்ஸ், குரோம், எட்ஜ் மூன்றும் தங்கள் நிறங்களைக் கைவிட்டு அந்த நிறங்களை எடுத்துக்கொள்ளும். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுங்கள். எது தெரிகிறது என்பதை அவரே சொல்லட்டும்.