தண்டனையா, கணக்கா?

கேள்வி: நான் சண்டே ஸ்கூல் டீச்சர். போன வருடம் கணவரின் கடை நஷ்டத்தில் மூடியது. இப்போது மகன் விபத்தில் கால் முறிந்து கிடக்கிறான். ஜெபிக்க வந்த சபைப் பெரியவர் ஒருவர், “நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டில்தான் தொடங்கும், உங்களை ஆராய்ந்து பாருங்கள்” என்றார். ஊழியம் செய்பவர்களைக் கடவுள் அதிகம் தண்டிப்பாரா? வகுப்பை விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, அந்த வசனம் பைபிளில் 1 பேதுரு 4:17, அதாவது இயேசுவின் சீஷர் பேதுரு எழுதிய முதல் கடிதம். கிறிஸ்துவின் பெயருக்காகப் பாடுபட்ட சின்ன ஆசியா (இன்றைய துருக்கி) விசுவாசிகளைத் தாங்கிப்பிடிக்க எழுதியது. கடை நஷ்டத்துக்கும் கால் முறிவுக்கும் காரணம் கண்டுபிடிக்க எழுதியதல்ல. இரண்டு வசனம் முன்னால், அடுத்தவர் காரியத்தில் தலையிடுகிறவனைக் கொலைகாரன், திருடனோடு ஒரே வரிசையில் வைக்கிறார் பேதுரு. பெரியவர் அதையும் வாசித்திருக்கலாம்.

லூக்கா 13-ஐப் பாருங்கள். எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, “இல்லை” என்றும் சொல்லிவிட்டார். உங்கள் மகன் விஷயத்துக்கும் அதே பதில்தான்.

சீஷர்களிடம் கடவுள் அதிகம் கேட்பார் என்பது மட்டும் உண்மை. அதை நான் மழுப்ப மாட்டேன். லூக்கா 12-இல் இயேசு சொல்லும் உவமையில், எஜமானின் மனசு தெரிந்தும் செய்யாத வேலைக்காரனுக்குத்தான் அடி அதிகம். ஆனால் அங்கே குற்றம் என்ன என்று பாருங்கள். எஜமான் வரத் தாமதமாகும் என்று நினைத்து, தன் கீழ் இருந்தவர்களை அடித்து, தான் தின்று குடித்தான். போதகர்களுக்குக் கடுமையான தீர்ப்பு என்று தன் கடிதத்தில் எச்சரிக்கும் யாக்கோபும், தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார். அடுத்து நேரே நாவுக்குப் போகிறார்: தேவனைத் துதிக்கிற அதே வாயால் மனுஷரைச் சபிக்கிறோமே என்று.

ஆக, உங்களிடம் கேட்கப்படுவது வகுப்பறைக் கணக்கு. மனப்பாட வசனம் சொல்லத் திணறும் பிள்ளையை எல்லார் முன்னாலும் நிறுத்தி வைக்கிறீர்களா? காணிக்கை கொண்டுவராத பிள்ளையிடம் குரல் மாறுகிறதா? ஆராய்ந்து பார்ப்பதென்றால் அங்கே பாருங்கள். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் பாவத்தைத் தேட வேண்டாம்.

பயந்துபோய் வகுப்பை விடாதீர்கள். மகன் எழுந்து நடக்கும்வரை இன்னொரு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு அவன் பக்கத்தில் இருங்கள். அது ஓய்வுதான், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர் மறுபடி வந்தால் லூக்கா 13-ஐச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் காபி கொடுங்கள்.