அல்ஃபால்ஃபா வயலில் விட்டுவந்த இரண்டு அம்புகள்

தம்பி, உன் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்பதால் மூன்று வாரமாக ஊரில்தான் இருக்கிறேன், தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில். ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது, வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடக்கின்றன. அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

நீ தொண்டியிலிருந்து அமெரிக்காவில் விஸ்கான்சின் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கூட வேலை பார்ப்பவர் உனக்கு வில் பழக்கினார், வகுப்பு முடித்து லைசென்சும் வாங்கிவிட்டாய். அவருக்குத் தெரிந்த பால்பண்ணைக்காரர் ஒருவர் தன் நிலத்தில் மான் வேட்டைக்கு உங்கள் இருவருக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார். போன சனிக்கிழமை சாயங்காலம் நீ விட்ட இரண்டு அம்பும் குறி தவறி, மாட்டுத் தீவனப் பயிரான அல்ஃபால்ஃபா வயலுக்குள் போய்விட்டன. இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. "இருபது, முப்பது டாலர் பொருள், விட்டுத்தள்ளு" என்கிறார் நண்பர். விவசாயியிடம் சொன்னால் அனுமதி போய்விடுமோ, புதிதாக வந்தவன் என்று வேறு மாதிரி நினைப்பாரோ என்று உனக்குப் பயம். சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்கிறாய்.

சொல்ல வேண்டும். இதைப் படித்து முடித்ததும் போன் செய்து சொல்.

நீ அம்பின் விலையைப் பார்க்கிறாய், நண்பரும் அதைத்தான் பார்க்கிறார். அந்த அம்பின் நுனியில் இருப்பது என்ன என்று ஒருமுறை யோசித்துப் பார். வேட்டைக்குப் போடும் ப்ராட்ஹெட் முனையில் இரண்டு மூன்று பிளேடுகள், ஒவ்வொன்றும் சவர பிளேடு மாதிரிக் கூர்மை. அது துருப்பிடித்து மழுங்கும் என்று நம்பி இருக்க முடியாது, பெரும்பாலும் துருப்பிடிக்காத இரும்பில்தான் செய்கிறார்கள். தண்டோ கார்பன். மிதிபட்டோ மெஷினில் சிக்கியோ உடைந்தால் ஊசி ஊசியாகச் சிதறும். அந்தச் சிலும்பு கையில் ஏறினால் எடுப்பது எவ்வளவு பாடு என்று வில் பழகுகிற எல்லோருக்கும் தெரியும்.

இனி அந்த வயலை நினைத்துப் பார். அல்ஃபால்ஃபாவை விஸ்கான்சினில் வருடத்துக்கு மூன்று, நான்கு முறை அறுப்பார்கள். இந்த வருடத்துக் கடைசி அறுப்பு முடிந்துவிட்டது. இன்னும் சில வாரத்தில் பனி விழுந்து வயலை மூடிவிடும். உன் அம்பு இரண்டும் குளிர்காலம் முழுக்க அதன் அடியில் பத்திரமாகக் கிடக்கும். மே கடைசியிலோ ஜூனிலோ முதல் அறுப்பு வரும்போது நீயும் நண்பரும் இதையெல்லாம் மறந்திருப்பீர்கள். புல்லோடு சேர்ந்து அம்பும் அறுபட்டு, வைக்கோல் கட்டுக்குள் சுருட்டப்பட்டு, மாட்டுத் தொழுவத்துக்குப் போகும்.

மாடு மெல்லாமல் விழுங்குகிற பிராணி. இரும்புத் துண்டு உள்ளே போனால் அது இரண்டாவது இரைப்பையில் போய்த் தங்கும். அந்த இரைப்பைக்கு மிக அருகில், உதரவிதானத்துக்கு அந்தப் பக்கம் இதயம் இருக்கிறது. இரைப்பை சுருங்கும்போது கூர்மையான துண்டு குத்திக்கொண்டு அதுவரைக்கும் போய்விடும். ஆணி, கம்பி முழுங்கிச் செத்த மாடுகளை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். அங்கே பண்ணைக்காரர்கள் இதற்காகவே மாட்டுக்குச் சுண்டுவிரல் அளவு காந்தம் விழுங்கக் கொடுப்பார்கள், இரும்பு அதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கார்பனும் அலுமினியமும் காந்தத்தில் ஒட்டாது. அதுவும் இல்லாமல், நீ போட்டுவிட்டு வந்த பொருளுக்கு அவர் காந்தம் போட்டுக் காவல் காக்க வேண்டுமா? டிராக்டர் டயரில் ஏறினால் அது தனிக் கதை. பின் சக்கரத்து டயர் ஒன்றே ஆயிரம் டாலரைத் தாண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் விஸ்கான்சின் போன மூன்றாவது வருடம், இதேபோல் ஒரு அக்டோபரில், ஒரு அம்பைப் புல்லுக்குள் விட்டுவிட்டு வந்தேன். அரைமணி நேரம் தேடினேன், குளிர் தாங்கவில்லை, கிளம்பிவிட்டேன். அந்த விவசாயியிடம் சொல்லவில்லை. உனக்கு இருக்கிற அதே பயம்தான் எனக்கும். அடுத்த ஜூனில் அவர் என்னைக் கூப்பிட்டார். வைக்கோல் கட்டும் மெஷினில் புல் அடைத்துக்கொண்டது என்று, மெஷினை நிறுத்திவிட்டு அவருடைய பையன் கையால் இழுத்திருக்கிறான். உள்ளே என் அம்பு. உள்ளங்கையில் ஒன்பது தையல். அம்பின் இறகுப் பக்கம் பச்சை நாடாவில் என் பெயரெழுத்து இருந்தது. அந்த நாடாவை அவர் மேசையில் வைத்தார். திட்டவில்லை. "நீ அன்றைக்கே சொல்லியிருந்தால், அறுப்புக்கு முன்னால் அந்த மூலையை நான் ஒருமுறை நடந்து பார்த்திருப்பேன்" என்று மட்டும் சொன்னார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. அந்தக் கோடையில் நாலு வாரக் கடைசி அவர் தொழுவத்தில் வைக்கோல் கட்டு அடுக்கிக் கொடுத்தேன். அந்தப் பையன் ஒரு கையால் வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் அடுக்கினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அன்று வீட்டுக்குத் திரும்பி வண்டி ஓட்டும்போது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. நண்டு வலை கல்லில் மாட்டி அறுந்துபோனால், கரைக்கு வந்ததும் அவர் முதலில் செய்கிற காரியம், மற்ற வள்ளக்காரர்களிடம் இன்ன இடத்தில், இத்தனை பாகம் ஆழத்தில் என் வலை கிடக்கிறது என்று சொல்வது. நைலான் வலை மக்காது. கடலுக்குள் கிடந்துகொண்டே மீனைப் பிடிக்கும், ஆமையைப் பிடிக்கும், அடுத்தவன் இஞ்சின் விசிறியில் சுற்றும். வலை போன நஷ்டத்தை அவர் வீட்டில் அம்மாவிடம் புலம்புவார். இடத்தை ஊருக்கே சொல்வார். உன் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார், தொண்டிக்காரனுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வயலுக்கும் அதே கணக்குதான். நம் பக்கம் சீமைக் கருவேலத்தைக் கரிமூட்டத்துக்கு வெட்டிவிட்டு முள்ளை அப்படியே போட்டுப் போனவனை உழவு சமயத்தில் ஊர் என்ன பேசும் என்று உனக்குத் தெரியாதா?

சரி, எப்படித் தேடுவது என்று சொல்கிறேன். முதலில் பண்ணைக்காரரிடம் பேசு. "சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் வயலில் இரண்டு அம்பு தொலைத்துவிட்டேன், இரண்டிலும் ப்ராட்ஹெட் இருக்கிறது, இந்த மூலையில், வந்து தேட அனுமதி வேண்டும், கிடைக்காவிட்டால் இடத்தைக் குறித்துக் கொடுக்கிறேன்." இவ்வளவு போதும். நீண்ட மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

நீ அம்பு விட்ட பரணில் நண்பரை ஏற்றி நிறுத்து. மான் நின்ற இடத்தை அவர் கை காட்ட, நீ அந்த நேர்க்கோட்டில் நட. நாம் எல்லோரும் மான் நின்ற இடத்தைச் சுற்றியே தேடுவோம், அம்பு அதைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். தாழ்வாகப் போன அம்பு புல்லுக்கு அடியில் பாம்பு மாதிரி நுழைந்து படுத்துக்கொள்ளும், மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. இரும்புப் பல் வாரியால் வேரோரம் வருடிக்கொண்டே போக வேண்டும். மெட்டல் டிடெக்டர் கார்பன் தண்டைக் காட்டாது, நுனியைக் காட்டும். இருட்டின பிறகு டார்ச்சைத் தரையோடு தாழ்த்திப் பிடித்தால் இறகின் நிறம் சில சமயம் பளிச்சென்று தெரியும். கனமான செருப்போ ஸ்னீக்கரோ போதாது, தடித்த அடியுள்ள பூட்ஸ் போடு. கையால் புல்லைத் துழாவாதே.

நவம்பர் நாலாவது வியாழன் வருகிற நன்றி அறிவித்தல் நாளுக்கு முந்தின சனிக்கிழமை துப்பாக்கி மான் வேட்டை தொடங்கும், ஒன்பது நாள். அந்த நாட்களில் தேடப் போவதானால் பளீர் ஆரஞ்சோ, 2016-லிருந்து அனுமதித்திருக்கிற பளீர் பிங்க்கோ போடாமல் வயலில் இறங்காதே. முடிந்தால் அதற்கு முன்பே தேடி முடித்துவிடு.

அம்பு வேலி தாண்டிப் பக்கத்து நிலத்தில் விழுந்திருக்கக்கூடும் என்று தோன்றினால், அந்த நிலத்துக்காரரிடம் தனியாகக் கேட்க வேண்டும். விஸ்கான்சினில் பலகை வைத்திருந்தாலும் வைக்காவிட்டாலும் அனுமதியில்லாமல் அடுத்தவர் நிலத்துக்குள் போகக்கூடாது, அடிபட்ட மானைத் தேடிப் போவதற்கும் அதே விதி. மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும், மின்னசோட்டாக்காரர் சொன்னதைக் கேட்டு அங்கே நடக்காதே.

அனுமதி போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. போகலாம், அது அவர் நிலம். ஆனால் அந்த மாநிலத்துச் சட்டப்படி பொழுதுபோக்குக்கு வருகிறவர்களுக்கு நிலத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டிய கடமைகூட விவசாயிக்குக் கிடையாது. சட்டம் அவ்வளவு பாதுகாப்பு கொடுத்தும் பல விவசாயிகள் வேட்டைக்காரர்களை உள்ளே விடுவதில்லை என்றால், அதற்குக் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனவனும், அம்பை விட்டுவிட்டுச் சொல்லாமல் போனவனும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் திட்டு விழாத அந்தப் பண்ணையில்தான் இன்றைக்கும் வேட்டைக்குப் போகிறேன். நிலத்தில் இறங்கும்போது எத்தனை அம்பு, ஏறும்போது எத்தனை என்று வாசலில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வருவேன். அம்பின் வால்நுனியில் மாட்டுகிற, வெளிச்சம் காட்டும் 'நாக்' போடுகிறேன், சாயங்கால மங்கலில் அது ரொம்ப உதவும். இருட்டுவதற்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போதே வில்லைக் கீழே வைத்துவிடுகிறேன், தவறினால் தேட வெளிச்சம் வேண்டுமே.

மெட்டல் டிடெக்டர் என் வீட்டு கராஜில் இருக்கிறது, மாடிசனில். மனைவியிடம் சொல்லிவிட்டேன், வாரக் கடைசியில் போய் வாங்கிக்கொள். பேட்டரி தீர்ந்திருக்கும், ஒன்பது வோல்ட் இரண்டு வாங்கிக்கொண்டு போ.