உடனே வேலையை விட்டு நிறுத்தாதீர்கள்

கோத்தகிரியில் இருக்கிறீர்கள், வீட்டில் மூன்று வாரக் குழந்தை, ஆறு வருடமாக வேலை செய்யும் அக்கா கக்குவான் இருமல் ஊசி போட மாட்டேன் என்கிறார், நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பயம் நியாயம்தான். குழந்தைக்கு இதற்கான முதல் ஊசி ஆறாவது வாரத்தில்தான். அதற்குள் தொற்றினால் இருமல்கூட வராமல் மூச்சு நின்றுபோகலாம்.

ஆனால் அவர் ஏன் மறுக்கிறார் என்று உட்கார்ந்து கேட்டீர்களா? எங்கள் வீட்டில் வேலை செய்பவரிடமும் கொரோனா ஊசி சமயத்தில் இதே கதைதான். அடுப்படியில் டீ டம்ளரை உருட்டிக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவர் கடைசியில் சொன்னது, "காய்ச்சல் வந்து படுத்தா ரெண்டு நாள் சம்பளம் போயிடுமே". மூன்று நாள் சம்பளத்தோடு லீவு என்றதும் மறுவாரமே கூடவே வந்து போட்டுக்கொண்டார். கக்குவான் இருமலுக்கும் சேர்த்துக் குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பு ஊசி மருந்து (பெரியவர்களுக்கான ஊசி வேறு) நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலேயே தயாராகிறது, 1907லிருந்து இருக்கிற இடம், அதையும் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, சின்ன வயதில் போட்டது வருடங்கள் போகப்போக வலுவிழக்கும். நீங்கள், உங்கள் கணவர், பாட்டி எல்லோரும் போட்டாயிற்றா? போட்டாலும் பலன் தர இரண்டு வாரம் ஆகும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறமும் மறுத்தால், சமையலும் துணியும் மட்டும் பார்க்கட்டும், குழந்தையைத் தூக்க வேண்டாம், இருமல் இருக்கும் நாளில் சம்பளத்தோடு வீட்டில் இருக்கட்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் அவர் என்றால் மட்டும், வேறு ஆளைத் தேடுங்கள்.