நாற்பதுக்கு மேல் கிட்டார்: வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர் வேலூர் சத்துவாச்சாரிக்காரர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 44 வயதில் கிட்டார் கற்கத் தொடங்கியவர்.)

கேள்வி: ஐயா, எனக்கு வயது 47. கூட்டுறவுச் சங்கத்தில் காசாளர். ஐந்து மாதமாக போனில் வீடியோ பார்த்து கிட்டார் பழகுகிறேன். சி கார்டிலிருந்து (கார்ட் என்றால் பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் விரல் பிடி) ஜி கார்டுக்குப் போவதற்குள் பாட்டு ஓடிவிடுகிறது. எஃப் கார்ட் பிடித்தால் கம்பி ‘தட் தட்’ என்கிறது, ஒலிப்பதே இல்லை. இந்த வயதில் விரல் வளையாதா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: நன்றாக வளையும். நாள் முழுக்க நோட்டு எண்ணும் விரல் அது. அதைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஒரு ஸ்கேலை எடுங்கள். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். தலைப்பக்கமிருந்து எண்ணி 12-ஆவது ஃப்ரெட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கே தடித்த கம்பியின் அடிப்பக்கத்துக்கும் ஃப்ரெட்டின் உச்சிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் என்றால் சரி. மூன்றைத் தாண்டினால், நீங்கள் இத்தனை நாளும் தேவையில்லாத பாரத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதை நான் கற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆயிற்று. என் முதல் கிட்டாரை விற்ற கடைக்காரர் உறையைத் துடைத்துக் கொடுத்தாரே தவிர, கம்பி எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்க்கவே இல்லை. ராத்திரி விரல் நுனி எரிய எரிய எஃப் கார்டை அழுத்திவிட்டு, நமக்கு இது வராது என்று படுத்த நாட்கள் உண்டு. கடைசியில் சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். கிட்டாரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, கழுத்தோரமாக ஒரு பார்வை பார்த்தார். “சார், இது விரல் குத்தம் இல்ல, கிட்டார் குத்தம்” என்றார். மூன்றரை மில்லிமீட்டர் இருந்தது. கம்பிகளைத் தளர்த்தி, பிரிட்ஜில், அதாவது கிட்டாரின் உடலில் கம்பிகள் மாட்டியிருக்கும் கட்டையில், செருகியிருக்கும் வெள்ளைச் சில்லை உருவினார். சேடில் என்பார்கள். அதன் அடிப்பக்கத்தை உப்புக் காகிதத்தில் நேராகத் தேய்த்தார். 12-ஆவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டுமானால் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். ஏனென்றால் 12-ஆவது ஃப்ரெட் கம்பியின் நட்டநடுவில் இருக்கிறது. அன்று ராத்திரியே எஃப் ஒலித்தது. முழுசாக இல்லை, ஆனால் ஒலித்தது. இதைச் செய்து பழகியவரிடம்தான் கொடுங்கள். தேய்த்ததை ஒட்ட முடியாது.

இனி கார்ட் மாற்றம். மெல்லிய கம்பிதான் முதல் கம்பி, தடித்தது ஆறாம் கம்பி. சி கார்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மோதிர விரல் ஐந்தாம் கம்பியில், நடுவிரல் நாலாம் கம்பியில் இருக்கிறதா? இந்த இரண்டையும் அதே ஃப்ரெட்டிலேயே, சேர்த்தாற்போல் ஒரு கம்பி மேலே, அதாவது உங்கள் முகத்தின் பக்கமாக ஏற்றுங்கள். ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டு, சுண்டுவிரலை முதல் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வையுங்கள். ஜி வந்துவிட்டது. மறுபடி சிக்கு வாருங்கள். இப்போது அதே இரண்டு விரலையும் ஒரு கம்பி கீழே இறக்குங்கள், ஆள்காட்டி விரல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். முதல் கம்பியை அழுத்தாமல் விட்டு, நாலாம் கம்பியிலிருந்து மீட்டுங்கள். அது எஃப் மேஜர் செவன். பெரிய எஃப் கைக்கு வரும்வரை அதன் இடத்தில் இதையே வாசிக்கலாம். பெரும்பாலான பாட்டில் உறுத்தாது. நடுவில் சி, ஒரு படி ஏறினால் ஜி, ஒரு படி இறங்கினால் எஃப். நான் இதைக் காகிதத்தில் வரைந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். குளிர்சாதனப் பெட்டியைச் சொல்கிறேன்!

பாட்டு ஓடிவிடுகிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் விரல் மட்டும் இல்லை. தனியாக வாசிக்கும்போது விரல் உட்காரும்வரை வலது கையும் நின்று காத்திருக்கிறது. அதுவே பழகிவிடுகிறது. பக்கத்தில் இன்னொருவர் வாசித்தால் பாட்டு உங்களுக்காக நிற்காது. இடது கை தடுமாறினாலும் வலது கை ஓடியே ஆக வேண்டும். கார்ட் தப்பினால் தப்பட்டும், அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். வாரம் ஒரு மணி நேரம் யாரோடாவது உட்காருங்கள். ஆளே கிடைக்காவிட்டால் வீட்டம்மாவைத் தாளம் போடச் சொல்லுங்கள், அதுவும் உதவும்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். வாரத்தில் பல நாள் விரலில் குத்தி ரத்தம் பார்க்கிறேன். கிட்டார் கற்கலாமா?
– ஒரு வாசகி, வாணியம்பாடி

பதில்: இது நான் முப்பது வருடம் பார்த்த வேலை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். கம்பியை அழுத்தும் இடது கையை விட்டுவிட்டு வலது கை விரல்களில் குத்திக்கொள்ளுங்கள். அதிலும் நுனிச் சதையில் வேண்டாம், பக்கவாட்டில் குத்துங்கள். வலியும் குறைவு. ஒரே விரலில் தினமும் குத்தாமல் மாற்றி மாற்றிக் குத்துங்கள். இடது கை நுனியில் இரண்டு மூன்று வாரத்தில் தோல் தடித்துவிடும், அது நல்லதுதான். ஆனால் விரல் மரத்துப்போகிறது, தொட்டால் தெரியவில்லை என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். காயம் பட்டால் ஆறும்வரை கிட்டாரைத் தொடாதீர்கள். ஸ்டீல் கம்பிக்குப் பதில் நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் கிட்டார் வாங்குங்கள், விரலுக்கு மெத்தென்று இருக்கும். ஸ்டீல் கம்பிக்காகச் செய்த கிட்டாரில் நைலான் மாட்ட வேண்டாம்.

கேள்வி: காலையில் சுருதி சேர்த்து வைத்தால் மாலையில் இறங்கிவிடுகிறது. கம்பியும் சீக்கிரம் கறுத்துப்போகிறது. கிட்டார் சரியில்லையா?
– தோல் தொழிற்சாலை ஊழியர், ராணிப்பேட்டை

பதில்: நம் ஊர் வெயில்தான். சூடு ஏறினால் ஸ்டீல் கம்பி நீளும், இழுவிசை தளரும், சுருதி இறங்கும். ஷீட் போட்ட அறையிலும் வெயிலில் நிற்கும் காரிலும் கிட்டாரை வைக்காதீர்கள், பிரிட்ஜ் ஒட்டிய பசையே இளகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கதை வேறு. மரம் ஈரத்தை உறிஞ்சி மேற்பலகை உப்பும், கம்பி உயரும். கம்பி கறுப்பது கை வியர்வையால். வாசிக்கும்முன் கையைக் கழுவி, வாசித்ததும் பழைய லுங்கித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள். சுருதி சேர்க்கும்போது எப்போதும் கீழேயிருந்து ஏற்றி நிறுத்துங்கள். ஏறிவிட்டதென்றால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். மேலேயிருந்து இறக்கி நிறுத்திய கம்பி வாசிக்க வாசிக்க நழுவும்.

கேள்வி: வீட்டில் யாரும் வாசிப்பதில்லை. தனியாக ஒன்றரை வருடம் பழகிவிட்டேன். நன்றாக வாசிப்பவர் முன்னால் உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. கூட வாசிக்க ஆள் தேடுவது எப்படி?
– ஒரு ஆசிரியை, ஆரணி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நானும் இப்படித்தான் இருந்தேன்.

காட்பாடி காந்தி நகரில் ஒரு வீட்டு மொட்டை மாடி. சனிக்கிழமை வெயில் தாழ்ந்த பிறகு ஐந்தாறு பேர் கூடுவோம். ஒரு நர்ஸ், ஒரு ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர் ஒருவர், என் சேடிலைத் தேய்த்த அந்தத் தம்பி. முதல் நாள் எனக்கு ஈ மைனர் தவிர எதுவும் சுத்தமாக வராது. “அப்போ ஈ மைனர் வரும்போது மட்டும் வாசிங்க, மத்த இடத்துல தாளத்தை எண்ணுங்க” என்றார்கள். ஒரு பாட்டில் எனக்கு நாலே இடம். அந்த நாலு இடத்திலும் என் கம்பி மற்றவர்கள் ஒலியோடு கலந்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. தனியாக எட்டு மாதம் வாசித்ததில் அது கிடைக்கவே இல்லை.

நர்ஸம்மாவுக்கு உங்களைப் போலவே கை நடுங்கும். கட்டைவிரலால் கழுத்தை இறுக்கிப் பிடிப்பார், அதனால்தான். ஆறாம் கம்பியை மட்டும், தாளச் சுற்றுக்கு ஒரு அடி, மெதுவாக மீட்டச் சொன்னோம். மூன்றாவது வாரம் அவரே அதைத் தாண்டி முன்னேறிவிட்டார்.

எல்லோரும் ஒரே மாதிரி வாசிக்கவும் தேவையில்லை. நீங்கள் ஜியை வழக்கம்போல் பிடித்தால், பக்கத்தில் இருப்பவர் ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கிளிப்) மாட்டி டி கார்டின் வடிவத்தைப் பிடிக்கட்டும். அதுவும் ஜிதான், ஆனால் மேலே மணி போல் ஒலிக்கும். புதியவர் சுலபமானதை வாசித்தாலே முழுப் பாட்டு கிடைத்துவிடும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கேட்காமல் யாரும் யாருக்கும் திருத்தம் சொல்வதில்லை, நன்றாக வாசிப்பவர் சத்தத்தைக் குறைத்து வாசிப்பார். ஆள் தேடும்போது இந்தக் குணத்தைத்தான் பாருங்கள், திறமை அப்புறம்.

ஆரணியில் தேட வேண்டிய இடம், கிட்டார் கம்பி விற்கும் கடை. யார் யார் கம்பி வாங்க வருகிறார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியும், உங்கள் நம்பரைக் கொடுத்து வையுங்கள். சர்ச் பாடகர் குழுவில் வாசிப்பவர்களைக் கேளுங்கள். உங்கள் பள்ளியிலேயே விசாரியுங்கள், அலமாரி மேல் தூசி படிந்த கிட்டார் வைத்திருக்கும் சக ஆசிரியர் ஒருவராவது இருப்பார். ஒருவர் போதும்.

யாருமே அமையவில்லை என்றால் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒரு சனிக்கிழமை எங்களோடு வந்து உட்காரலாம். கேப்போ என்னிடம் இரண்டு இருக்கிறது.